கொடி பார்க்க, வரைய, தைக்க: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காலி முகத்திடலில் பறக்கும் பெரிய தேசியக் கொடிக்குக் கீழே ஒரு மாலை ஐந்து நிமிடம் நில்லுங்கள். சிங்கம் முழுதாகத் தெரிகிற விநாடிகளை மட்டும் எண்ணுங்கள். கடற்காற்று நன்றாக அடித்தாலும் சிங்கம் மடிப்புக்குள் ஒளிந்து ஒளிந்துதான் வரும். பச்சையும் செம்மஞ்சளும் கருஞ்சிவப்பும் அப்படி ஒளிவதில்லை. துணி எப்படிச் சுருண்டாலும் ஏதோ ஒரு துண்டு கண்ணில் படும். கொடியியலில் இறங்குகிறவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. கொடி ஆடும், காற்று விழுந்தால் தொங்கும், முன்னும் பின்னும் தெரியும், பார்ப்பவர் தூரத்தில் நிற்பார். இந்த நான்கையும் மறந்து மேசையில் வரைந்த படங்கள்தான் கம்பத்தில் ஏறியதும் தோற்றுப்போகின்றன.

வெக்சிலோலொஜி என்ற பெயரை 1950களின் பிற்பகுதியில் விட்னி ஸ்மித் என்ற அமெரிக்கர் இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டி உருவாக்கினார். நமக்குக் கொடியியல் என்ற சொல் போதும். தொடங்கச் செலவும் பெரிதில்லை. கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று, அடிமட்டம், கவராயம், ஆறு நிறப் பென்சில்கள் (சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, செம்மஞ்சள், கறுப்பு). கப்பல் கொடிகளையும் பார்க்க விரும்பினால் 8×42 அல்லது 7×50 அளவில் ஓர் இருகண் தொலைநோக்கி. பத்து மடங்குக்கு மேல் பெருக்கும் கருவி வேண்டாம். கை நடுக்கத்தில் கோடும் நட்சத்திரமும் கலங்கிவிடும்.

பார்க்கப் பழகுதல்

முதலில் நாலைந்து சொற்கள். கம்பத்தோடு கட்டிய ஓரம் கம்பப் பக்கம். எதிர் ஓரம் பறக்கும் பக்கம். பின்னணி நிறம் களம். அதன் மேல் வரும் உருவம் சின்னம். கம்பப் பக்கத்து மேல் கால்பகுதிக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் காற்றில்லாத நேரத்திலும் ஓரளவு தெரிவது அந்த இடம்தான். அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்கள் அங்கே இருப்பதும் காரணத்தோடுதான். கம்பம் இடப்பக்கம் இருக்கப் பார்ப்பது முன்பக்கம். படத்தில் வரையும்போதும் கம்பம் எப்போதும் இடது கைப் பக்கம்.

கொப்பியில் ஒரு கொடிக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எங்கே கண்டீர்கள், எந்த நேரம், காற்று எப்படி, எத்தனை எட்டுத் தூரம் என்று மேலே எழுதுங்கள். பிறகு நீள அகல விகிதம் பார்த்து ஒரு சிறு வரைபடம். கடைசியாக, முதல் பார்வையில் கண்ணில் பட்டது எது, நெருங்கிய பிறகே தெரிந்தது எது என்று இரண்டு வரி. பலர் இந்த இரண்டு வரியைத்தான் விட்டுவிடுவார்கள். ஐம்பது கொடி சேர்ந்த பிறகு அந்த வரிகளை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தானே வெளிவரும்.

விகிதத்தைக் கண்ணால் பிடிக்கப் பழக வேண்டும். இலங்கைக் கொடி 1:2, நீளம் அகலத்தின் இரு மடங்கு. இந்தியக் கொடி 2:3. சுவிற்சர்லாந்து சதுரம். பெல்ஜியத்துக்கு 13:15, அதுவும் ஏறக்குறையச் சதுரம்தான். கட்டார் 11:28 என்று நீண்டு கிடக்கும். நேபாளத்துக்குச் செவ்வகமே இல்லை. இரண்டு முக்கோணம் அடுக்கிய அந்த வடிவத்தை எப்படி வரைவது என்று அந்நாட்டு அரசியலமைப்பே படிப்படியாகச் சொல்கிறது. கவராயமும் அடிமட்டமும் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வரைந்து பாருங்கள், நல்ல பயிற்சி. மாநாட்டு மண்டப வாசலிலோ ஹோட்டல் முகப்பிலோ எல்லா நாட்டுக் கொடியையும் ஒரே அளவில் அச்சடித்து வரிசையாகக் கட்டியிருந்தால், எது இழுபட்டது, எது நசுங்கியது என்று பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை.

கொழும்பில் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கறுவாத்தோட்டத்துத் தூதரக வீதிகளில் அரை நாள் நடந்தாலே கொப்பி பாதி நிரம்பும். படம் எடுப்பதற்கு முன் வாசல் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். துறைமுகம், கடற்படை முகாம் பக்கம் கமராவையே எடுக்க வேண்டாம். கொப்பியும் கண்ணும் போதும்.

கப்பல்களில் பின்புறக் கம்பத்தில் பறப்பது பதிவு செய்த நாட்டின் கொடி. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்றும் அடிக்கடி வரும். பனாமா நாலு கட்டம், இரண்டு நட்சத்திரம். லைபீரியா அமெரிக்கக் கொடிபோல் கோடு போட்டது, ஆனால் நட்சத்திரம் ஒன்றே. மார்ஷல் தீவுகளுக்கு நீலக் களத்தில் செம்மஞ்சளும் வெள்ளையுமாய்ச் சரிந்தேறும் இரண்டு கதிர். பாய்மரக் கயிற்றின் வலப்பக்கம் இலங்கைக் கொடி இருந்தால் அது வந்த நாட்டுக்குச் செய்யும் மரியாதை. தனி மஞ்சள் கொடி சுகாதார அனுமதி கேட்கிறது. வெள்ளையும் சிவப்பும் செங்குத்தாகப் பாதி பாதி என்றால் வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறிவிட்டார். முழுச் சிவப்பு என்றால் ஆபத்தான சரக்கு. நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் என்றால் புறப்படப் போகிறது. இந்தச் சைகைக் கொடிகளை நன்றாகக் கவனியுங்கள். கடல் மூடுபனியிலும் பிழையாக வாசிக்கக் கூடாது என்பதற்காகச் செய்தவை அவை. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து நிறத்துக்கு வெளியே போவதில்லை. பச்சை அதில் கிடையாது.

கோயில் கொடி வேறு சாதி. மகோற்சவத்தின் முதல் நாள் கொடிமரத்தில் ஏறும் கொடிச்சீலை ஒடுங்கி நீண்ட துணி. சிவன் கோயில் என்றால் நந்தி, முருகன் கோயில் என்றால் மயிலோ சேவலோ எழுதியிருக்கும். அது காற்றில் பறக்கவென்று செய்ததல்ல, மரத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கு. அதனால் மேலிருந்து கீழாக வாசிக்கிற ஒழுங்கில் சின்னங்கள் அடுக்கியிருக்கும். சிவராத்திரிக்கு வீடுகளில் ஏற்றும் நந்திக்கொடியோ பறப்பதற்கானது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து பாருங்கள். ஒரே நந்தி, இரண்டு வேலை.

நம் ஊர்க் கொடிகளில் இரண்டைப் பிரித்துப் பார்த்தல்

பௌத்தக் கொடி கொழும்பிலேயே பிறந்தது. 1885இல் ஒரு குழு கூடி அமைத்தது. அந்த ஆண்டு வெசாக் நாளில் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில் முதலில் ஏறியது. ஆரம்ப வடிவம் நீண்ட தோரணம்போல இருந்ததால் தேசியக் கொடிகளின் அளவுக்கு மாற்றும்படி, இங்கே பௌத்தப் பணி செய்த அமெரிக்கர் கேணல் ஒல்கொட் சொன்னார். 1886 வெசாக்கில் ஏறியது அந்தத் திருத்திய வடிவம். இதன் நிற வரிசையைக் கவனியுங்கள்: நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். அடர் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. ஐரோப்பியக் கேடயச் சின்னக் கலையில் மஞ்சளையும் வெள்ளையையும் ‘உலோகம்’ என்பார்கள், மற்றவை ‘நிறம்’. நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வரக்கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி. பௌத்தக் கொடியின் முதல் ஐந்து பட்டையும் அந்த விதிக்குப் பிசகாமல் நிற்கின்றன. நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு வந்திருந்தால் மங்கும் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகியிருக்கும்.

சிங்கக் கொடியின் கதை நீளம். 1815இல் கண்டி வீழ்ந்தபோது எடுத்துச் செல்லப்பட்ட அரச கொடி இலண்டன் செல்சீயில் கிடந்தது. அதைத் தேடிப் பார்த்தவர் சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா. பழைய சிங்களக் கொடிகள் பற்றி அவர் எழுதிய நூலை 1916இல் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்டது. கோரளை, திசாவை என்ற பழைய நிர்வாகப் பிரிவுகளுக்கு இருந்த கொடிகள் எல்லாம் அதில் படத்தோடு இருக்கின்றன. நாலு கோரளையின் சூரிய சந்திரக் கொடியைப் பார்த்தால் இன்றைய வடிவமைப்பாளர்கள் வெட்கப்படுவார்கள், அத்தனை எளிமை. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

1948 மார்ச்சில் தேசியக் கொடிக்குக் குழு அமைந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமை, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன், ரி. பி. ஜாயா ஆகியோரும் அதில் இருந்தார்கள். சிங்கத்துக்கு வெளியே கம்பப் பக்கத்தில் முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழருக்குச் செம்மஞ்சளுமாய் இரண்டு பட்டை சேர்ப்பதென்ற முடிவுக்கு நடேசன் உடன்படவில்லை. 1951இல் அந்த வடிவமே நிலைத்தது. 1972இல் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் வந்தன. எந்த நிறம் எந்தக் கட்டத்துக்குள் நிற்கிறது என்பதே இங்கே அரசியல் கருத்தாக இருந்தது. கழகத்துக்குக் கொடி வரைகிறவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். ‘சும்மா ஒரு கோடு’ என்று கொடியில் எதுவும் இல்லை.

கைவேலையாக மட்டும் பார்த்தால், அந்தக் கொடியைக் காப்பாற்றுவது மஞ்சள் விளிம்பு. கருஞ்சிவப்பும் செம்மஞ்சளும் நேருக்கு நேர் ஒட்டியிருந்தால் அந்தி நேரத்தில் ஒன்றோடொன்று கலந்துபோகும். நடுவே மஞ்சள் நிற்பதால் பிரிந்து தெரிகின்றன. விட்னி ஸ்மித் கயானாவுக்கு வரைந்த கொடியிலும் இதே கைவேலையைக் காணலாம். அம்பு முனையைச் சுற்றியுள்ள மெல்லிய கறுப்பு, வெள்ளை விளிம்புகள் பிறகு சேர்க்கப்பட்டவை. இரண்டு அடர் நிறம் அருகருகே வந்தே தீர வேண்டும் என்றால் நடுவே ஒரு வெளிர் விளிம்பு போடுங்கள், கொடி உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல்.

பெப்ரவரி 4க்கு முன் வீதியில் விற்கும் தேசியக் கொடிகளில் ஒன்றை வாங்குமுன் சரிபாருங்கள்: கம்பத்திலிருந்து முதலில் பச்சை, பிறகு செம்மஞ்சள், சிங்கம் கம்பத்தைப் பார்த்து நிற்கிறது, வாள் வலது முன்காலில், இலை நான்கு, நீளம் சரியாக இரு மடங்கு. அளவும் நிறமும் துல்லியமாக வேண்டுமென்றால் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் நியமம் இருக்கிறது. வடிவமைப்புப் பயிற்சிக்காகக்கூடத் தேசியக் கொடியைத் திருத்தி வரைந்து துணியில் ஏற்றாதீர்கள்.

ஒரு கொடியை வரைந்து பார்ப்போம்

பயிற்சிக்கு வெள்ளவத்தையை எடுப்போம். எந்தச் சபைக்கும் அல்ல, கைப்பழக்கத்துக்கு. ஊரைப் பற்றி நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதினால் பட்டியல் இப்படி வரும்: கடல், மணல், கரையோரப் புகையிரதப் பாதை, கால்வாய், காலி வீதிக் கடைகள், மாடி வீடுகள், கோயில், சந்தை. எட்டையும் கொடியில் போட்டால் அது சுவரொட்டி. மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது கடல், மணல், தண்டவாளம். வெள்ளவத்தை என்ற பெயரிலேயே சிங்களத்தில் மணல் இருக்கிறது. ஆகவே மணல் போகக் கூடாது.

அடுத்தது இடம். வரைபடத்தில் வடக்கு மேலே என்றால் கடல் இடப்பக்கம், அதாவது கம்பப் பக்கம். நீலம் அங்கே செங்குத்தாக. மீதிக் களம் மணல் மஞ்சள். அந்த மஞ்சளில் கடலுக்குச் சமாந்தரமாகத் தண்டவாளம். இங்கேதான் முதல் பிழை நடக்கும்: தண்டவாளம் இரண்டு என்பதால் இரண்டு மெல்லிய கோடு வரையத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 செ.மீ. நீளக் கொடியை 40 மீற்றர் தூரத்தில் பார்ப்பதும், 18 மி.மீ. நீளப் படத்தைக் கையை நீட்டி 60 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்று. நீளத்தில் 48இல் ஒரு பங்கு அகலக் கோடு அந்தப் படத்தில் 0.4 மி.மீ. கூட இல்லை. இரண்டு கோடும் சேர்ந்து மஞ்சளை அழுக்காக்கிக் காட்டுமே ஒழியத் தண்டவாளமாகத் தெரியாது. ஒரே பட்டையாக்கி 12இல் ஒரு பங்கு கொடுத்தால் 1.5 மி.மீ. வரும், அது தெரியும். எந்தக் கொடியை வரைந்தாலும் கொப்பியில் 18×9 மி.மீ. அளவில் ஒரு பிரதி வரையுங்கள். அந்த அளவில் பென்சிலால் வரைய முடியாதது எதுவோ அது கம்பத்திலும் தெரியாது.

இரண்டாவது பிழை நிறத்தில். தண்டவாளத் துருவை நினைத்துப் பட்டைக்குச் சிவப்புக் கொடுத்தால், கம்பத்திலிருந்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று வாசிக்கும். அது ருமேனியாவும் சாட் நாடும் ஏற்கெனவே போட்டிக்கு வைத்திருக்கும் வரிசை. ஆகவே கறுப்பு. மஞ்சள் மேல் கறுப்பைப் போலத் தூரத்துக்கு எடுத்துக் காட்டும் சோடி வேறு குறைவு. நீலம், மஞ்சள், கறுப்பு மூன்றும் பஹாமாஸ் கொடியிலும் உண்டு, ஆனால் அங்கே கிடைப் பட்டையும் கம்பப் பக்கத்தில் கறுப்பு முக்கோணமும், குழப்பம் வராது.

அளவை அலகில் எழுதுங்கள், சென்ரிமீற்றரில் அல்ல. பிறகு எந்தப் பருமனுக்கும் பெருக்கிக்கொள்ளலாம். உயரம் 12, நீளம் 24. கம்பத்திலிருந்து நீலம் 8, மஞ்சள் 3, கறுப்பு 2, மஞ்சள் 11. கூட்டினால் 24. ஒரு அலகு 5 செ.மீ. என்றால் 60×120 செ.மீ. கொடி.

வட்டமோ நட்சத்திரமோ நடுவில் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பங்களாதேஷ் கொடியின் சிவப்பு வட்டத்தை அளந்து பாருங்கள்: அதன் மையம் நீளத்தின் பாதியில் இல்லை, கம்பத்திலிருந்து 20இல் 9ஆவது பங்கில் இருக்கிறது. பறக்கும் பக்கம் அலையாகச் சுருங்குவதால் கணித நடுவில் வைத்த வட்டம் வெளியே தள்ளியதுபோலத் தெரியும்; சற்றுக் கம்பத்தை நோக்கி நகர்த்தினால் பறக்கும்போது நடுவில் நிற்கும். பிரெஞ்சுக் கடற்படைக் கொடியின் மூன்று பட்டைகளும் 30, 33, 37 என்று கூடிக்கொண்டே போவதும் இதற்காகத்தான். கடலில் அவை சமமாகத் தெரியும்.

எழுத்து வேண்டாம் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். தமிழ் எழுத்துக்கு அந்தத் தடை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ‘விளையாட்டுக் கழகம்’ என்று எழுதிப் பத்து எட்டு வைத்துப் பின்னால் போய்ப் பாருங்கள். ளவும் ழவும் யாவும் சுழி அடைந்து ஒரே கட்டியாகத் தெரியும். மெய்ப்புள்ளி முதலிலேயே போய்விடும். மறுபக்கத்தில் எல்லாம் இடம் வலம் மாறிய வாசிப்பு. அதைத் தவிர்க்க இரண்டு துணி தைத்து நடுவே ஒளி மறைக்கும் துணி வைத்தால் மூன்று மடங்கு கனம். சாதாரணக் காற்றுக்கு அசையாது.

பழைய மாணவர் சங்கமோ இல்ல விளையாட்டுப் போட்டிக் குழுவோ வந்து, இலச்சினையை அப்படியே நடுவில் போடச் சொல்லும். அதில் விளக்கு, ஏடு, தாமரை, மகுட வாக்கியம், ஆண்டு எல்லாம் இருக்கும். மறுக்க வேண்டாம், விளக்கை மட்டும் எடுத்து, கொடி உயரத்தில் பாதிக்கு, மூன்று துண்டுத் துணியால் வெட்டக்கூடிய வடிவில் வரைந்து, இரண்டு மாதிரியையும் அச்சடித்து மண்டபத்தின் மறுகோடியில் ஒட்டிவிட்டுத் தலைவரை வாசலில் நிறுத்துங்கள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். பழைய சின்னங்களை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: பாண்டியர் மீனும் சேரர் வில்லும் யாழ்ப்பாண அரசின் நந்தியும் தாராளமாகக் கையாளலாம். சோழர் புலியைக் கொப்பியோடு நிறுத்துங்கள். இந்த நாட்டில் அது தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமாகவே வாசிக்கப்படும், நீங்கள் எந்த நூற்றாண்டை நினைத்து வரைந்திருந்தாலும்.

கணினியில் வரைவதற்கு இங்க்ஸ்கேப் இலவசம், போதும். 1200×600 மி.மீ. பக்கம் திறந்து, 50 மி.மீ. கட்டம் போட்டு, செவ்வகங்களை அதில் ஒட்டுங்கள். முடித்த பிறகு மூன்று சோதனை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அடுத்தடுத்த நிறங்கள் ஒரே சாம்பலானால் ஒன்றை மாற்ற வேண்டும். இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள், அதுதான் பின்பக்கம். ஏ4 தாளில் அச்சடித்து ஈர்க்கிலில் ஒட்டி, தாளை எஸ் வடிவில் வளைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பிறகு கசக்கித் தொங்கவிட்டும் பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்பில் காற்று விழும் மாலைகள் அதிகம், கொடி பாதி நாள் அந்தக் கோலத்தில்தான் இருக்கும்.

துணியும் தையலும்

நிறத்தைத் திரையில் முடிவு செய்துவிட்டுத் துணி தேடுவது தலைகீழ் வேலை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருத் துணிக்கடைகளில் ஒரே வகைத் துணியில் எந்தெந்த நிறம் கிடைக்கிறது என்று பார்த்து, விரல் அகலத் துண்டு கேட்டு வாங்கி, வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தபின் திரையில் அதற்குக் கிட்டிய நிறத்தை வையுங்கள். கடைக்குள் இருக்கும் வெள்ளை விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோல இருக்கும்.

வெளியில் பறக்க, குடைத்துணி போன்ற மெல்லிய நைலோன் நல்லது. சின்னக் காற்றுக்கும் எழும்பும், மழைக்குப் பின் விரைவில் காயும். கடலோர மாடியில் நாள் முழுதும் காற்று அடிக்குமென்றால் நெய்த பொலியெஸ்டர் உறுதி. சட்டின் துணி மண்டபத்துக்குள் மட்டும். பருத்தி பார்க்க அழகு, ஆனால் இந்த ஈரப்பதத்தில் கரும்புள்ளி பிடிக்கும். எதை எடுத்தாலும் எல்லா நிறமும் ஒரே வகையாக இருக்கட்டும். நைலோனையும் பொலியெஸ்டரையும் கலந்து தைத்தால் நனைந்து காயும்போது ஒன்று அதிகமாய் இழுபட்டுத் தையல் வரி சுருங்கும். அதை எந்த இஸ்திரியும் திருத்தாது.

நம் 60×120 கொடிக்கு வெட்டும் அளவு: எல்லாத் துண்டுக்கும் உயரம் 65 செ.மீ., மேலும் கீழும் 2.5 மடிப்புக்கு. அகலம் நீலம் 43, முதல் மஞ்சள் 18, கறுப்பு 13, கடைசி மஞ்சள் 60.5. ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்துக்கு 1.5, பறக்கும் ஓர மடிப்புக்கு 4 சேர்த்த கணக்கு இது. துணியின் நெடுக்கு நூல் எல்லாத் துண்டிலும் கொடியின் நீளவாட்டில் ஓட வேண்டும். 150 செ.மீ. அகலத் துணி என்றால் நீலம் அரை மீற்றர், மஞ்சள் 70 செ.மீ., கறுப்பு கால் மீற்றர் போதும். 115 செ.மீ. அகலம் என்றால் இரண்டு மஞ்சள் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்காது. மஞ்சள் 90 செ.மீ. வாங்குங்கள்.

துண்டுகளை முதலில் நேர்த்தையல் போட்டு இணைத்து, உள் விளிம்புகளில் அடர் நிறத்தினதை 0.6 செ.மீ. வரை நறுக்கி, வெளிர் நிறத்தின் விளிம்பை அதன் மேல் சுற்றி மடித்து, அடர் நிறப் பக்கம் சாய்த்து இரண்டாம் தையல். மடிப்பை மஞ்சள் பக்கம் சாய்த்தால் வெயில் பின்னால் வரும்போது மஞ்சளில் கறுப்பு நிழல் கோடு விழும். இப்படிச் செய்வதில் மறுபக்கத்தில் கறுப்புப் பட்டை ஏறக்குறைய 8 செ.மீ. ஆக ஒடுங்கித் தெரியும். தூரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ.; அதைவிட நெருக்கினால் ஊசித் துளைகள் வரிசையாகச் சேர்ந்து முத்திரைத் தாள் கிழிவதுபோல் கிழியும். நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் போட்டால் துணி நன்றாக இருக்கும்போதே தையல் உக்கிப்போகும்.

மேல் கீழ் ஓரங்களை 1 செ.மீ. மடித்து மறுபடி 1.5 மடித்து இரண்டு வரி தையுங்கள். பறக்கும் ஓரத்துக்கு 2, மீண்டும் 2 என்று மடித்து நான்கு வரி. அந்த ஓரத்து இரண்டு மூலைகளில் உள்பக்கம் 6 செ.மீ. முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். கொடி சவுக்குப்போல் அடிபடுவது அங்கேதான். முதல் நூல் பிரிவதும் அங்கேதான்.

கம்பப் பக்கத்துக்கு வெள்ளைக் கன்வஸ் 12×63 செ.மீ. வெட்டி, இரு நுனியும் 1.5 உள்ளே மடித்து, நெடுக்கே ஓரங்களை 1 செ.மீ. மடித்து, பிறகு நடுவில் மடித்தால் 5 செ.மீ. அகலப் பட்டி வரும். கொடியின் ஓரத்தை அதற்குள் நுழைத்து மூன்று வரி தையுங்கள். மேலும் கீழும் ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே 10 மி.மீ. ஐலட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) ஒவ்வொன்று, பித்தளையில். இரும்பு ஐலட் கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலத்துக்குள் துருவைக் கொடியில் ஒழுகவிடும்.

தைக்க வசதியில்லாதவர்கள் அச்சடிக்கலாம். பிளெக்ஸ் பேனர் வேண்டாம், அது பறக்காது, மடித்த இடத்தில் வெடிக்கும். பொலியெஸ்டர் துணியில் வெப்ப அச்சுப் போடும் இடமாகப் பாருங்கள். முழுக் கொடிக்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் 5 செ.மீ. துண்டு அச்சடித்துத் தரச் சொல்லி வெயிலில் பாருங்கள். திரையில் பளிச்சென்ற நீலம் துணியில் ஊதாவாக இறங்குவது வழக்கம். மறுபக்கத்துக்குச் சாயம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றும் திருப்பிப் பாருங்கள். வெளிறிப்போன பின்பக்கம் கொடி அல்ல, துணியின் உள்புறம்.

கட்டுவதும் காப்பதும்

நிலத்தில் நட்ட கம்பம் என்றால் உயரம் கொடி நீளத்தின் நாலு மடங்கு, நமது கொடிக்கு 4.8 மீற்றர். மாடி பல்கனியில் 45 பாகை சரிவில் 1.8 மீற்றர் அலுமினியக் குழாய். பீவீசீ குழாய் முதல் தென்மேல் காற்றிலேயே வில்லாக வளையும். குழாய் நுனிக்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கித் தாங்கியைத் துருவாக்கும்.

மாதம் ஒருமுறை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெளுப்புத் தூள் தொடவே கூடாது. சேகரித்த கொடிகளை மடித்து அடுக்காமல் அட்டைக் குழாயில் வெள்ளைத் தாளோடு சுற்றி வைப்பது நல்லது. மடிப்பு வரியில்தான் சாயம் முதலில் போகும். விசிறிக்குக் கீழே ஒரு நாள் காயாமல் எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். பூச்சி உருண்டை போட்டால் துணியில் படாமல் தாளில் பொதிந்து போடுங்கள்.

பறக்கும் ஓரத்தில் நூல் பிரிந்து விரல் நீளம் தொங்கும்போதே கொடியை இறக்கிவிடுங்கள். இரண்டு வாரம் விட்டால் கிழிசல் பத்து செ.மீ. உள்ளே போயிருக்கும். பிரிந்த பகுதியை நேராக வெட்டி, மறுபடி 2, 2 மடித்து நாலு வரி தைத்தால் ஏறக்குறைய 5 செ.மீ. போகும், அதாவது ஒரு அலகு. கடைசி மஞ்சள் 11 அலகிலிருந்து 10 ஆகும், பிறகு 9 ஆகும், பார்க்கிறவருக்குத் தெரியாது. 8க்கு வரும்போது கறுப்புப் பட்டை நடுவை விட்டுப் பறக்கும் பக்கம் நகர்ந்ததுபோல ஆகிவிடும். அப்போது அந்தப் பழைய மஞ்சளைப் பிரித்துப் புதுத் துண்டு மாற்றித் தையுங்கள். நீலத்துக்கும் கறுப்புக்கும் இன்னும் ஆயுள் இருக்கும்.